விழுந்தவரை என் செய்வது? தொடக்கக் காலக் கிறித்தவ சபைகளின் வாழ்வும் போராட்டமும்

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு நாள் உரோமப் பேரரசைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத பொருள்தான். திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் வினவ, அதையொட்டி எழுந்த பேச்சு அது. கிறித்தவர்களை விலங்குகளுக்கு இரையாக்கிய கொடுமையையும், சாவுக்கு அஞ்சாது நின்ற அவர்தம் உறுதியையும் விரித்துரைத்தேன். வகுப்பு வாய் திறவாது கேட்டது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "பயந்துபோனவங்க என்ன ஆனாங்க, ஐயா?" என்றாள்.

அன்று என்னிடம் தக்க விடை இல்லை. "அப்படியும் சிலர் இருந்திருப்பார்கள், அம்மா" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பின்னர் ஓய்வு நேரத்தில் நூல்களைப் புரட்டியபோதுதான், அவள் கேட்டது சிறு வினா அன்று என்பதை உணர்ந்தேன். தொடக்கக் காலக் கிறித்தவ சபைகளை உள்ளிருந்து உலுக்கியதும், இறுதியில் பிளந்ததும் அந்த வினாவே. வாளுக்கும் தீக்கும் ஈடுகொடுத்த சபைகள் அதன்முன் தடுமாறி நின்றன. அவ்வரலாற்றைச் சமய நோக்கில் அன்றி, வரலாற்று நோக்கில் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

சபை என்பது யாது?

ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழக் கி.பி. 30ஆம் ஆண்டில். அவருக்குப் பின் அவருடைய சீடர்கள் எருசலேம் நகரில் ஒன்றுகூடி வாழ்ந்தனர். அக்கூட்டமே முதற் சபை. 'எக்லேசியா' என்னும் கிரேக்கச் சொல்லையே நாம் சபை என்கிறோம். அச்சொல் கட்டடம் எதனையும் குறித்ததன்று. நகர மக்கள் கூடிப் பேசும் அவையைக் குறித்தது. சபையை நடத்தியவருக்கு 'எபிஸ்கொப்பொஸ்' என்று பெயர். மேற்பார்ப்பவர் என்பது அதன் பொருள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சொல் 'கண்காணி' என்றே வந்துள்ளது. தோட்டத்துக் கங்காணிமார் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அச்சொல் வேறொரு நினைவைத் தரும். ஆதலின் இன்று வழங்கும் 'ஆயர்' என்னும் சொல்லையே இங்குக் கொள்வோம்.

அச்சபைகள் குறையற்றவை என்று எண்ணிவிடலாகாது. எருசலேம் சபையினர் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. அதே நூல், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டதையும் மறையாது சொல்கிறது. அம்முறையீட்டைத் தீர்க்கவே எழுவர் அமர்த்தப்பட்டனர். கொரிந்து நகரில் பொது விருந்தின்போது செல்வர் முன்னரே உண்டு குடித்துவிட, ஏழையர் பசியோடு நின்றனர். ஏறத்தாழ 55ஆம் ஆண்டளவில் பவுல் எழுதிய மடல் அதனைக் கடுமையாகக் கண்டிக்கிறது. மொழி வேற்றுமையும் செல்வ வேற்றுமையும் அன்றே உடன்பிறந்த நோய்களாய் இருந்தன.

ஆயினும் அச்சபைகள் நிலைத்தன. நிலைத்ததற்குக் காரணம் என்ன? ஒருவரையொருவர் தாங்கிய முறையே பெருங்காரணம் எனலாம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் 197ஆம் ஆண்டளவில் எழுதிய தெர்த்துல்லியன் என்னும் அறிஞர், தம் சபையின் பொதுப் பணப்பெட்டியைப் பற்றிக் கூறுகிறார். திங்களுக்கு ஒருமுறை, விரும்பியவர் விரும்பிய அளவு அதில் இடுவர், கட்டாயம் இல்லை. ஏழையரை உண்பித்தல், அவர் இறந்தால் அடக்கம் செய்தல், தாய் தந்தையற்ற சிறுவர், முதுமையுற்ற பணியாளர், கப்பல் உடைந்து தவித்தோர், கொள்கைக்காகச் சுரங்கத்திலும் சிறையிலும் வாடுவோர் ஆகியோரைப் பேணுதல் ஆகிய இவற்றுக்கே அப்பணம் சென்றது. உரோம் நகரச் சபை 251ஆம் ஆண்டளவில் 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் தாங்கிவந்தது என்று அதன் ஆயர் கொர்னேலியஸ் ஒரு மடலில் குறித்துள்ளார்.

அவர்கள் கூடிய இடம் பெரும்பாலும் வீடுகளே. யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்பொஸ் என்னும் ஊரில் அத்தகைய வீடொன்றை 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்து கண்டனர். தெருவில் நடப்பவருக்கு அது ஏனைய வீடுகளைப் போன்றதே. உள்ளே சுவரை இடித்து அகலமாக்கிய கூடம் ஒன்றும், திருமுழுக்குக்கென ஓவியம் தீட்டிய அறை ஒன்றும் இருந்தன.

அரசு ஏன் அஞ்சியது?

இத்தகைய எளிய கூட்டத்தைக் கண்டு உலகாண்ட உரோம் ஏன் அஞ்சவேண்டும்? இதற்கு விடை தருவது பிளினி என்னும் ஆளுநரின் மடல். இன்றைய துருக்கியின் வடபகுதியாகிய பித்தீனியா-பொந்து மாநிலத்தை ஆண்ட அவர், 112ஆம் ஆண்டளவில் பேரரசர் திராயனுக்கு இம்மடலை எழுதினார்.

கிறித்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரை அவர் மும்முறை வினவினார். மூன்று முறையும் ஆம் என்று நின்றவரைக் கொல்லச் செய்தார். உரோமக் குடியுரிமை உடையோரை உரோமுக்கு அனுப்பக் குறித்தார். மறுத்தவர் தெய்வங்களை வணங்கி, பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைத்து, கிறித்துவைப் பழித்தால் விடுதலை. உண்மையை அறியும் பொருட்டுச் சபைப் பணி செய்த அடிமைப் பெண்கள் இருவரை வதைத்தும் விசாரித்தார். அவர் அறிந்தவை இவையே: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறித்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, நம்பி வைத்த பொருளை மறுப்பதில்லை என்று உறுதி பூணுகிறார்கள், பின்னர் மீண்டும் கூடி எளிய உணவு உண்கிறார்கள். இதில் பெருங்குற்றம் எதனையும் அவர் காணவில்லை; எல்லை மீறிய மூடநம்பிக்கை என்று மட்டும் எழுதினார்.

அப்படியாயின் தண்டனை ஏன்? இவ்விருவரிடையே நடந்த வேறொரு கடிதப் போக்குவரத்து இதற்கு விளக்கம் தரும். நிக்கொமீதியா நகரில் பெருந்தீ மூண்டபின், 150 பேர் கொண்ட தீயணைப்போர் சங்கம் ஒன்றை அமைக்கலாமா என்று பிளினி கேட்டார். திராயன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் கூடினாலும் மக்கள் கூட்டம் நாளடைவில் அரசியல் கூட்டமாகிவிடும் என்பது அவர் கருத்து. தீயணைக்கும் சங்கத்துக்கே இசைவில்லை என்றால், வைகறையில் கூடி உறுதி பூணும் சங்கத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! அதன்மேல், ஊர்த் தெய்வங்களுக்கும் பேரரசர்க்கும் வழிபாடு செய்ய மறுப்பது நாட்டுக்கே கேடு சூழ்வதாகும் என்று அக்கால மக்கள் நம்பினர்.

கிறித்தவரைத் தேடிச் செல்ல வேண்டா, பெயரில்லா மொட்டை மடல்களை ஏற்க வேண்டா, ஆனால் குற்றஞ்சாட்டி மெய்ப்பித்தால் தண்டிக்கலாம் என்று திராயன் விடை எழுதினார். குற்றவாளி என்றால் ஏன் தேடக்கூடாது, குற்றவாளி அல்லன் என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் தெர்த்துல்லியன் இவ்விடையை எள்ளினார். இந்த முறையால், 250ஆம் ஆண்டுவரை அடக்குமுறை ஆங்காங்கே, அவ்வப்போது நிகழ்ந்ததேயன்றி, பேரரசு முழுதும் இடையறாது நிகழ்ந்ததன்று.

ஈண்டு நாம் கருதவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. பிளினியின்முன் வந்தோருள் சிலர், தாம் ஒருகாலத்தில் கிறித்தவராய் இருந்து, பின் விட்டுவிட்டதாகக் கூறினர். சிலர் மூன்றாண்டுக்கு முன், சிலர் அதற்கும் முன், ஓரிருவர் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே விலகியவர். பயந்துபோனவர் முதற் சான்றுகளிலேயே இருக்கின்றனர்.

பேரரசு கேட்ட சான்றிதழ்

250ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. நாடெங்கும் எல்லா மக்களும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று பேரரசர் டீசியஸ் ஆணையிட்டார். அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்து மணலில் பாப்பிரசுத் தாள்களாகக் கிடைத்துள்ளன. 'நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன். இப்போது உங்கள் கண்முன் மது வார்த்து, பலியிட்டு, படையலை உண்டேன். சான்றளிக்க வேண்டுகிறேன்' என்பது அவற்றின் சாரம். ஒன்றில் விண்ணப்பித்தவர் 72 வயது முதியவர். வலப்புருவத்தில் தழும்புடையவர் என்ற அடையாளமும் உண்டு. மற்றொன்று எகிப்தியத் தெய்வம் ஒன்றின் பூசாரிப் பெண்ணுக்குரியது. ஆகவே ஆணை எல்லார்க்கும் பொது என்பது தெளிவு.

கார்த்தேஜ் நகரில் நிகழ்ந்ததை அந்நகர ஆயர் சிப்ரியானின் எழுத்துகளால் அறிகிறோம். பெருந்தொகையான கிறித்தவர்கள் ஆணைக்குப் பணிந்தனர். சிலர் பலியிட்டனர், சிலர் தூபம் மட்டும் இட்டனர், சிலர் பலியிடாமலே கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினர். சிறை சென்று வதையுற்றோரும் இருந்தனர். சிப்ரியானோ ஒளிந்துகொண்டு, மடல்கள் வாயிலாகச் சபையை நடத்தினார். அதற்காக அவரைப் பழித்தோரும் உண்டு.

அடுத்த ஆண்டில் புயல் ஓய்ந்தது. பணிந்தவர்கள் சபைக் கதவைத் தட்டினர். அவர்களுக்கு 'விழுந்தவர்' என்றே பெயராயிற்று. சிறுமி கேட்ட வினா இப்போது சபையின் நடுவே வந்து நின்றது.

கார்த்தேஜ் கண்ட விடை

மூன்று விடைகள் முன்வைக்கப்பட்டன. சிறையிலிருந்து மீண்ட வீரர்கள் விழுந்தவர்க்கு இரக்கங்காட்டி, 'இவரைச் சேர்த்துக்கொள்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தனர். 'இன்னாரும் அவரைச் சார்ந்தோரும்' என்று பெயர் குறியாமல் எழுதிய சீட்டுகளும் இருந்தன. ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் என்று சிப்ரியான் கேட்டார். மறுபுறம், உரோம் நகரில் நொவாத்தியன் என்பவர், பலியிட்டவரைச் சபை ஒருநாளும் மீளச் சேர்க்கலாகாது என்று கூறித் தனிச் சபை கண்டார்.

251ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இடைவழி ஒன்றைத் தேர்ந்தனர். சான்றிதழ் மட்டும் வாங்கியோரைத் தனித்தனியே விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டோர் நெடுநாள் கழுவாய் நோன்பு நோற்க வேண்டும், சாவுப் படுக்கையில் அவர்க்குச் சமாதானம் அளிக்கலாம் என்பது முடிவு. ஓரிரு ஆண்டில் மீண்டும் அடக்குமுறை வரும் என்ற அச்சம் எழவே, வருந்தி நிற்போர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே தளர்த்தினர். வரப்போகும் போரில் நிற்கவேண்டியவனை நிராயுதபாணியாக வெளியே நிறுத்தலாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அதே ஆண்டுகளில் கொள்ளைநோய் ஒன்று நகரைத் தாக்கியது. தம்மவர் பிறர் என்று பாராது எல்லா நோயாளரையும் பேணுமாறு சிப்ரியான் தம் மக்களை ஏவினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் கூறுகிறார். ஒருமுறை ஒளிந்து வாழ்ந்த அவர், 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வாளுக்கு இரையானார். ஒருமுறை விலகியவன் என்றும் கோழை என்று முடிவு கட்டுதல் தவறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிர்தா நகரில் ஒரு சோதனை

303ஆம் ஆண்டில் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் இறுதிப் பெரும் அடக்குமுறை தொடங்கியது. இம்முறை ஆணை வேறு: கோயில்களை இடிக்கவேண்டும், திருநூல்களைப் பறித்து எரிக்கவேண்டும். நூமிடியாவின் சிர்தா நகரில், இன்று அல்சீரியாவில் கொன்ஸ்தந்தீன் என வழங்கும் ஊரில், 303ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் நடந்த சோதனையின் அரசுக் குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. பள்ளித் தளவாடப் பதிவேட்டை ஆண்டுதோறும் சரிபார்க்கும் நமக்கு அதன் நடை பழக்கமானதே.

கைப்பற்றிய பொருள்கள்: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்கள் சட்டை 82, முக்காட்டுத் துணி 38, ஆண்கள் சட்டை 16, ஆண்கள் காலணி 13 இணை, பெண்கள் காலணி 47 இணை. பேரரசு அஞ்சிய கூட்டத்தின் படைக்கலங்கள் இவை! இத்தனை சட்டையும் காலணியும் ஏழையர்க்கு வழங்க வைத்திருந்தவை என்றே அறிஞர் கருதுகின்றனர்.

நூலகத்தில் பேழைகள் வெறுமையாய் இருந்தன. துணைப்பணியாளர் ஒருவர் மிகப் பெரிய நூற்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவை வாசகர்களிடம் உள்ளன என்றனர். சபையில் திருநூலைப் படிக்கும் பணியுடையோரே வாசகர். அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றனர். பெயரையாவது சொல்லுங்கள் என்றார். நூலைக் கொடுத்த அதே துணைப்பணியாளரும் அவருடைய தோழரும், தாங்கள் காட்டிக்கொடுப்போர் அல்லர் என்றும், வேண்டுமானால் தங்களைக் கொல்ல ஆணையிடலாம் என்றும் விடை கூறிச் சிறைப்பட்டனர். நூலைக் கொடுத்தவர்கள் ஆளைக் கொடுக்க மறுத்தனர்! இவர்கள் விழுந்தவரா, நின்றவரா?

அதிகாரிகள் வேறு வழியாகச் செய்தி அறிந்து வீடு வீடாகச் சென்றனர். கொத்தேயோ என்பவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஆறு நூல்களைக் கொடுத்தாள். விக்டர் என்னும் இலக்கண ஆசிரியர் வீட்டுக்கும் சென்றனர். அவர் இரண்டு நூல்களையும் நான்கு தனி ஏட்டுத் தொகுதிகளையும் கொடுத்தார். இன்னும் இருக்கவேண்டுமே என்று அதிகாரி கேட்டபோது, இருந்தால் கொடுத்திருப்பேன் என்றார்.

பதினேழு ஆண்டு கழித்து, 320ஆம் ஆண்டு திசம்பரில், அடக்குமுறை நீங்கிய காலத்தில், அதே விக்டர் நீதிமன்றத்தில் சான்று கூற நின்றார். தொழில் யாது என வினவ, இலத்தீன் இலக்கண ஆசிரியர் என்றார். நூல்களைக் கொடுத்தீரா என்றபோது, தாம் மலைக்கு ஓடிவிட்டதாகவும், வீட்டில் இல்லாதபோது எடுத்துச் சென்றதாகவும் கூறினார். பழைய குறிப்பு அவர்முன் இருந்தது. அதை வைத்து அவரை மடக்கினர். ஆசிரியத் தொழில் செய்யும் நம்மால் இப்பகுதியை எளிதாகப் படித்துச் செல்ல இயலாது. நூலைக் காக்கவேண்டியவரே அதைக் கொடுத்தார்; கொடுத்ததைவிட, கொடுத்தேன் என்று சொல்வது அவருக்குக் கடினமாயிற்று.

பிளவு

விக்டர் ஏன் அஞ்சினார்? அதற்குள் வட ஆப்பிரிக்கச் சபை இரண்டாகிவிட்டிருந்தது. 311-312 அளவில் கார்த்தேஜின் ஆயராகச் செசிலியான் அமர்த்தப்பட்டார். அவருக்குக் கைவைத்து அருள்பொழிவு செய்தவருள் ஒருவராகிய ஃபெலிக்ஸ் திருநூலைக் கொடுத்தவர். ஆகவே அப்பதவி செல்லாது என்று ஒரு சாரார் எதிர்த்தனர். அவர்களே பின்னர்த் தொனாத்தியர் எனப் பெயர்பெற்றனர். அரசு விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் எனத் தெரிந்தது. அவர்மீது காட்டப்பட்ட சான்று திருத்தப்பட்டதென்றும் வெளிப்பட்டது. ஆனால் பிளவு ஆறவில்லை. மேலும், 303இல் சிர்தாவில் வெள்ளிப் பேழையையும் விளக்கையும் எடுத்துக் கொடுத்த சில்வானுஸ் என்பவரே, பின்னர்த் தொனாத்தியர் பக்கத்து ஆயராய் அமர்ந்திருந்தார். 320ஆம் ஆண்டு வழக்கு அவரைப் பற்றியதே. தூய்மையை முழக்கிய அணியிலேயே கொடுத்தவர் இருந்தார்.

313இல் கிறித்தவர்க்கு வழிபாட்டு உரிமை கிடைத்தபின்னும் இப்புண் ஆறவில்லை. 411ஆம் ஆண்டு கார்த்தேஜில் இரு தரப்பும் கூடியபோது, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 280 ஆயர்கள் இருந்தனர். பெரும்பாலான ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு சபை! அதன்பின் அரசின் தண்டனைச் சட்டம் தொனாத்தியர்மேல் பாய்ந்தது. முன்பு பேரரசு கிறித்தவர்மேல் ஓங்கிய கோலை, இப்போது கிறித்தவரே கிறித்தவர்மேல் ஓங்கச் செய்தனர்.

முடிவாக

தொடக்கக் காலக் கிறித்தவர் வரலாறு என்றால் மாண்டவர் வரலாறு என்றே நாம் படித்தும் படிப்பித்தும் வருகிறோம். மாண்டவர் போற்றற்குரியர், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சிலரே. அவர்கள் மாண்டபின் கைம்பெண்ணுக்குச் சோறும் ஏழைக்குச் சட்டையும் தந்து சபையைத் தாங்கியோர் பலர். அப்பலருள் அஞ்சியோரும், ஓடியோரும், சான்றிதழ் வாங்கியோரும் உண்டு. அவர்களை விசாரித்து, காலம் கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டதால் கார்த்தேஜ் சபை ஒரு தலைமுறையைக் காத்துக்கொண்டது. விழுந்தவன் கை பட்ட எல்லாமே தீட்டு என்று சொன்னபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அண்டை வீட்டாரே பகைவர் ஆயினர். எளிதில் மன்னித்தால் நின்றவரின் துன்பத்துக்கு மதிப்பில்லாமற் போகும் என்ற நொவாத்தியன் கவலையையும் நாம் முற்றும் தள்ளிவிட முடியாது. ஆகவேதான் அவ்வினா கடினமானது.

சங்கம் நடத்தியோர்க்கும், வேலைநிறுத்தம் கண்டோர்க்கும், பள்ளி வாரியக் கூட்டத்தில் அமர்ந்தோர்க்கும் இவ்வினா புதிதன்று. நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் மறுவாரம் திரும்பி வந்து நிற்கும்போது, அவரை எங்கே உட்கார வைப்பது என்று நாமும் தயங்கியதுண்டு.

அச்சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அடுத்த முறை அப்பாடம் வரும்போது, விலங்குகளின் கதையோடு நிறுத்தமாட்டேன். சிர்தாவின் பட்டியலையும் கரும்பலகையில் எழுதப் போகிறேன்: பெண்கள் சட்டை 82, காலணி 47 இணை, இலக்கண ஆசிரியர் விக்டர் கொடுத்த நூல் இரண்டு. பயந்துபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று இம்முறை நானே மாணவரைக் கேட்பேன்.